இடியில போன ரிக்கும் அடுத்து வாங்கப்போற ரிக்கும்

போன நவம்பர்ல ஒரு சாயங்காலம், மலேசியா பேராக்குல இருக்கற எங்க சுங்கை சிப்புட்ல அந்த மாசத்துல நாலு மணிக்கு மேல வானம் எப்படி இருக்கும்னு இங்க இருக்கறவங்களுக்குத் தெரியும், லிந்தாங் பக்கம் மலை கறுத்துக்கிட்டு வந்துச்சு, நான் வேலைலேருந்து வந்த உடனே ஆண்டெனா கேபிள கழட்டி சன்னலுக்கு வெளிய தூக்கிப் போட்டுட்டேன். பதினஞ்சு வருசமா ஹாம் ரேடியோ (லைசன்ஸ் எடுத்து பொழுதுபோக்கா பேசற ரேடியோ, அந்தச் செட்டுக்கு எங்க பாஷையில ரிக்) வச்சிருக்கேன், ஒரு நாளும் இதுல சோம்பேறித்தனம் பட்டதில்ல. சரி பயமில்லன்னு தே ஓ போட்டுக் குடிச்சுக்கிட்டு உக்காந்தா, பின்னாடி டிஎன்பி (கரண்டு கம்பெனி) கம்பத்துக்கிட்ட எங்கயோ ஒரு அடி. வீடே வெள்ளையா ஆயிருச்சு. பிரேக்கர் விழுந்துருச்சு, அம்மா முருகான்னு கத்துனாங்க, அவ்ளோதான்.

கரண்டு வந்தப்புறம் பாத்தா கம்ப்யூட்டர் செத்துப்போச்சு. ரேடியோ ஆன் ஆகுது, பேச முடியுது, கேக்க முடியுது, ஆனா கம்ப்யூட்டரோட பேசுற யூஎஸ்பி பக்கம் மொத்தமா காலி. ஆண்டெனாவ கழட்டுன நான் யூஎஸ்பி கேபிள கழட்டல. இடி ஆண்டெனா வழியா வரல, கரண்டு கம்பி வழியா கம்ப்யூட்டருக்குள்ள வந்து அங்கேருந்து அந்த ஒன்றரை மீட்டர் கேபிள்ல ரேடியோவுக்குள்ள போயிருச்சு. நான் செம்பனை மில்லுல எலெக்ட்ரிக்கல் வேல பாக்குறவன், சர்ஜ் (திடீர்னு பாயுற மின்சாரம்) எப்படிப் போகும்னு மத்தவனுக்கு நான் பாடம் எடுப்பேன், அது வேற வெக்கம்.

ரிப்பேருக்குக் குடுத்த கடையில (பேரு வேணாம்) ரெண்டு மாசம் வச்சிருந்துட்டு அந்த போர்டு இப்ப வர்றதில்ல அண்ணேன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க. அன்னிலேருந்துதான் அடுத்த ரிக் என்ன வாங்கலாம்னு யோசிக்க ஆரம்பிச்சேன். யோசிக்க யோசிக்க, பிரோஷர்ல பெரிய எழுத்துல போட்டிருக்கறதுக்கும் நம்ம ஊர்ல உண்மையா வேண்டியதுக்கும் எவ்ளோ தூரம்னு புரிஞ்சுச்சு, அதத்தான் எழுதறேன். நான் 9டபிள்யூ2வா (கீழ் வகுப்பு லைசன்ஸ்) ஆரம்பிச்சு அப்புறம் மோர்ஸ் கத்துக்கிட்டு டெஸ்ட் குடுத்து 9எம்2 (மேல் வகுப்பு) ஆன ஆளு, பெரிய டிஎக்ஸ் (தூரதேசத்து சிக்னல்) வேட்டைக்காரன்லாம் கிடையாது, ராத்திரி 40 மீட்டர் பேண்டுல (7 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) நாலு பேரோட பேசணும், எப்பவாச்சும் சென்னை, கொழும்பு பக்கம் தமிழ்ல ஒருத்தர் மாட்டுனா சந்தோசம், இங்கேருந்து சென்னை சுமார் 2,450 கிலோமீட்டர், நல்ல நாள்ல பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி கேக்கும்.

முதல்ல வாட்டர்ஃபால் பத்திச் சொல்லிடறேன், ஏன்னா இத நான் ரொம்ப நாள் கிண்டல் பண்ணிக்கிட்டு இருந்தவன். ரேடியோவ காதால கேக்கணுமா கண்ணால பாக்கணுமான்னு கேப்பேன். ஈப்போல ஒரு சீன அங்கிள் இருக்காரு, எழுபது வயசு, அவர்கிட்ட ஐகாம் ஐசி-7300. 2016ல வந்த ரேடியோ, சிக்னல ஆண்டெனாவுலேருந்து நேரா டிஜிட்டலா மாத்திடற டைப், திரையில பேண்டு முழுக்க ஓடற சிக்னல் எல்லாம் கோடு கோடா தண்ணி விழற மாதிரி கீழ எறங்கிக்கிட்டு இருக்கும். ஒரு நாள் அத இரவல் குடுத்தாரு, வீட்டுக்குக் கொண்டு வந்து மாட்டுனேன். என் வீட்டுல ராத்திரி எப்பவும் எஸ்9 அளவுக்கு (ரேடியோ மீட்டர் சிக்னல் பலத்தக் காட்டற அளவு) இரைச்சல், அது டிஎன்பி லைன்தான்னு அஞ்சு வருசமா திட்டிக்கிட்டு இருந்தேன். திரையப் பாத்தா, ஒரே இடைவெளி விட்டு விட்டு தடித்தடியா மேடு மேடா நிக்குது. லைன் சத்தம் அப்படி இருக்காது, அது எங்கயும் பரவலா இருக்கும், இப்படி வரிசையா நின்னா ஏதோ ஒரு சின்ன அடாப்டர்தான். ரேடியோவ பேட்டரில போட்டுட்டு வீட்டு பிரேக்கர ஒண்ணொண்ணா எறக்குனேன். ஹாலோட பிரேக்கர எறக்குன உடனே மேடு மொத்தமும் காணோம்.

சாமி மேடை. அம்மா ரெண்டு தீவாளிக்கு முன்னாடி பாசார் மாலாம்ல (ராத்திரிச் சந்தை) வாங்கி மாட்டுன எல்ஈடி சரவிளக்கு. பன்னெண்டு வெள்ளி. அதோட அடாப்டர் என் 40 மீட்டர் பேண்டையே சாப்ட்டுக்கிட்டு இருந்திருக்கு. சாமி வெளக்க அணைக்க மாட்டேன்னு அம்மா நின்னுட்டாங்க, எனக்கும் சண்ட போட மனசில்ல, அடாப்டர மாத்தி நல்லதா ஒண்ணு போட்டேன், அந்த ஒயர ஒரு ஃபெரைட் வளையத்துல (இரைச்சல அடக்கற வளையம்) ஏழெட்டு சுத்து சுத்தி விட்டேன், இரைச்சல் எஸ்4க்கு வந்துருச்சு. ஒரு எஸ் யூனிட்டுன்னா 6 டெசிபெல், அஞ்சு யூனிட் எறங்குனா 30 டெசிபெல், அதாவது இரைச்சலோட பவர் ஆயிரத்துல ஒரு பங்கு. எந்த ரேடியோ வாங்குனாலும் இந்த லாபம் கெடைக்காது. ஆனா வாட்டர்ஃபால் இல்லன்னா எனக்கு இது தெரிஞ்சே இருக்காதுங்கறதும் உண்மை, அதனால அது என் லிஸ்ட்ல மேல ஏறிருச்சு. அது இல்லாதவங்க ஒரு சின்ன பேட்டரி ஏஎம் ரேடியோவ கையில வச்சுக்கிட்டு வீட்டுக்குள்ள சுத்துங்க, எந்த ப்ளக்கு கிட்டப் போனா கத்துதோ அதான் திருடன்.

ரெண்டாவது, சத்தத்தைத் தாங்குற ரிசீவர். நம்ம பக்கம் ஹாம்காரங்களுக்கு 40 மீட்டர்ல 7,000லேருந்து 7,200 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும்தான், அதுக்கு மேல ஒலிபரப்பு நிலையங்கள், ராத்திரி ஏழு மணிக்கு மேல அவனுங்க வர்ற வேகத்துக்கு வெல கொறஞ்ச செட்டெல்லாம் மூச்சு முட்டிப்போவும். நேரா டிஜிட்டலா மாத்தற ரேடியோலயும் திரையில ஓவிஎஃப்னு எழுத்து வந்தா உள்ள நெரம்பி வழியுதுன்னு அர்த்தம். புதுசா வர்ற தம்பிங்க நெறைய பேரு ப்ரீஆம்ப (வர்ற சிக்னல ஏத்தி விடறது) ஆன் பண்ணி வச்சுக்கிட்டு ஐயோ இரைச்சல்னு சொல்றத பாத்திருக்கேன். ராத்திரி 40ல ப்ரீஆம்ப் வேணாம்பா, அணைச்சிடு, அட்டெனுவேட்டர (சிக்னல எறக்கறது) போடு, ஆர்எஃப் கெய்ன (ரிசீவரோட உணர்திறன்) கொற, அப்பத்தான் ஆளு பேசறது மேல வரும். அதனால எனக்கு வேண்டியது என்னன்னா இந்த மூணுக்கும் வெளிய தனித்தனியா பட்டனோ குமிழோ இருக்கணும், மெனுவுக்குள்ள மூணாவது பக்கத்துல போயி தேடற மாதிரி இருக்கக்கூடாது. எனக்கு அம்பத்தி ரெண்டு வயசு, கண்ணாடி இல்லாம அந்தப் பொடி எழுத்து தெரியாது, கண்ணாடி போட்டா வேர்வையில வழுக்குது. தொடுதிரை நல்லாத்தான் இருக்கு ஆனா நம்ம ஊர் வெயில்ல வெளிய வச்சா திரையே தெரியல, ஈரக் கையால தொட்டா வேற எங்கயோ போயி நிக்குது.

ஒரு விசயம் சிரிப்புக்கு. யேசு கம்பெனி ரேடியோ ஒண்ணு பாத்துக்கிட்டு போன்ல கூட்டாளிகிட்ட நான் யேசுக்கு மாறிடலாம்னு இருக்கேன்னு சொன்னத அம்மா கேட்டுட்டாங்க. அன்னிக்கு ராத்திரி சாப்பாடு போடறப்ப ஒண்ணும் பேசல. மறுநாள் காலைல என் பொண்டாட்டிதான் சொன்னா, போயி அது ஜப்பான் ரேடியோன்னு வெளக்கிட்டு வாங்கன்னு.

கரண்டு விசயத்துக்கு வர்றேன், இதுலதான் நெறைய பேரு ஏமாந்து போறாங்க. 100 வாட் ரேடியோ பேசறப்ப 20 ஆம்பியருக்கு மேல இழுக்கும், மேனுவல்ல 13.8 வோல்ட், 15 சதவீதம் கூட கொறைய இருக்கலாம்னு போட்டிருக்கும், அதாவது 11.7க்குக் கீழ போனா அதுக்கு உடம்பு சரியில்ல. ஒரு தடவ பழைய தோட்டத்துப் பள்ளிக்கூடத் திடல்ல கூட்டாளிங்களோட வச்சோம், கார் பேட்டரி, கையில இருந்த 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயர் மூணு மீட்டர். பேச ஆரம்பிச்சா ரேடியோ அணஞ்சு அணஞ்சு எரியுது, எதிர்ல இருக்கறவரு உன் குரல் நடுங்குதுன்றாரு. நான் ரேடியோவ சந்தேகப்பட்டேன். கணக்குப் போட்டா, அந்த ஒயர் மீட்டருக்கு 7 மில்லி ஓம், போக வர ஆறு மீட்டர், 42 மில்லி ஓம், 20 ஆம்பியர் போனா 0.84 வோல்ட் ஒயர்லயே போச்சு. பேட்டரி லோடுல 12.2க்கு எறங்கி நிக்குது, ரேடியோ வாயில 11.4தான். 6 ஸ்கொயர் ஒயர் மாத்துன உடனே இழப்பு மூணுல ஒரு பங்கு வோல்ட்டா கொறஞ்சுச்சு, அதோட பவர 50 வாட்டுக்கு எறக்குனோம், எதிர்ல இருக்கறவருக்கு அதுல அரை எஸ் யூனிட்தான் வித்தியாசம், அவரு கவனிக்கவே இல்ல. இப்ப நாலு செல் லித்தியம் ஐயன் பாஸ்பேட் பேட்டரி வச்சிருக்கேன், பேரளவுக்கு 12.8, கடைசி வரைக்கும் அதிகம் எறங்காம நிக்கும்.

ஆனாலும் கம்பெனிக்காரன்கிட்ட கேக்கணும்னா நான் கேக்கறது, 10.5 வோல்ட் வரைக்கும் ஒழுங்கா ஓடற ரேடியோ, அப்புறம் சும்மா கேட்டுக்கிட்டு இருக்கறப்ப கொறைவா இழுக்கணும். எலிகிராஃப்ட் கேஎக்ஸ்2 மாதிரி சின்ன செட்டெல்லாம் கேக்கறப்ப 135 மில்லி ஆம்பியர்தான், 7300 சும்மா இருக்கறதுக்கே 0.9 ஆம்பியர். ராத்திரி முழுக்க கரண்டு இல்லாம உக்கார வேண்டி வந்தா அந்த ஏழு மடங்கு வித்தியாசம்தான் பேசும்.

அப்படி ஒரு ராத்திரி வருமான்னு கேப்பீங்க. 2004 டிசம்பர்ல இந்தியாலேருந்து பாரதி பிரசாத்னு ஒரு அம்மா தன் குழுவோட அந்தமான் போயிருந்தாங்க, ரேடியோல அவங்க அழைப்புப் பேரு வியூ2ஆர்பிஐ, ரொம்ப வருசம் கழிச்சு அந்தமான்லேருந்து ஹாம் ரேடியோ ஒலிக்கப்போகுதுன்னு உலகமே காத்துக்கிட்டு இருந்துச்சு. 26ஆம் தேதி சுனாமி. பொழுதுபோக்குக்குக் கொண்டு போன அதே ரேடியோ, அன்னிலேருந்து யாரு உயிரோட இருக்காங்கன்னு வெளிய சொல்ற ரேடியோவா மாறிருச்சு. அதே அலை இங்க பினாங்குலயும் கோலமூடாவுலயும் வந்து ஆள எடுத்துச்சு. நான் அப்ப லைசன்ஸ் எடுக்கல, பேப்பர்ல படிச்சதுதான், ஆனா இந்தப் பைத்தியம் எனக்குப் பிடிச்சதே அங்கேருந்துதான். அப்புறம் 2014 டிசம்பர் கிளந்தான் வெள்ளம், போன் லைன் செத்துப்போயி சொந்தக்காரங்க நெலம தெரியாம எத்தன பேரு தவிச்சாங்கன்னு நம்மளே பாத்தோம்.

அந்த மாதிரி சமயத்துக்கு எனக்குப் பெரிய ஆண்டெனா வேணாம், தாழ்வா ஒரு டைபோல் (நடுவுல கேபிள் கொடுத்து ரெண்டு பக்கமும் இழுத்துக் கட்டுற ஒயர்) போதும். 143ஐ மெகாஹெர்ட்ஸால வகுத்தா மீட்டர் வரும், 7.1க்கு 20 மீட்டர், பக்கத்துக்குப் பத்துப் பத்து. ரம்புத்தான் மரத்துக்கும் ஒரு ஜிஐ பைப்புக்கும் நடுவுல ஆறு மீட்டர் உசரத்துல கட்டியிருக்கேன், தூண்டில் நரம்புல ஈயம் கட்டி கவட்டையில அடிச்சு மரத்து மேல போட்டது. தாழ்வா இருந்தா சிக்னல் நேரா மேல போயி அயனமண்டலத்துல பட்டு சுத்துவட்டாரத்துலயே விழும், சுத்தி மலை இருந்தாலும் கவலையில்ல, கோலாலம்பூர் பகல்ல சுத்தமாக் கேக்கும். இதுக்காகத்தான் ரேடியோவுக்குள்ளயே ட்யூனர் (ஆண்டெனாவ ரேடியோவோட பொருத்தற பாகம்) இருக்கணும்னு கேக்கறேன், அதுவும் கொஞ்சம் தாராளமானது. ரொம்ப செட்டுல உள்ள இருக்கற ட்யூனர் எஸ்டபிள்யூஆர் (ஆண்டெனா எவ்ளோ பொருந்தலங்கற அளவு) 3க்கு 1 வரைக்கும்தான் சமாளிக்கும், அவசரத்துல கட்டுற கோணல் மாணல் ஒயருக்கு அது பத்தாது. சீனாவுலேருந்து வர்ற சீகு ஜி90, 20 வாட்தான், ஆனா அதோட ட்யூனர் கண்டதையும் சேத்துக்கும், அதுக்காகவே அத வாங்குன ரெண்டு பேர எனக்குத் தெரியும்.

சேட்டிலைட் பத்திச் சொல்லலன்னா என் மவன் கோவிச்சுக்குவான். இந்தோனேசியாவோட லாபான்-ஏ2, ஹாம் பேரு ஐஓ-86, 2015 செப்டம்பர்ல ஸ்ரீஹரிகோட்டாவுலேருந்து பிஎஸ்எல்வில போச்சு. 650 கிலோமீட்டர் உசரம், பூமத்திய ரேகைக்கு வெறும் 6 டிகிரி சாய்வு, அதனால ஐரோப்பாக்காரனுக்குக் கெடைக்காதது நமக்குக் கெடைக்குது, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருக்கா கொஞ்சம் கூட ஆகும், நம்ம தல மேலயே வந்துட்டுப் போவும், ரிப்பீட்டர ஆன் பண்ற நாளு மட்டும் பாத்து வச்சுக்கணும். 145.880 மெகாஹெர்ட்ஸ்ல பேசணும், ரிப்பீட்டர தொறக்கற டோன் 88.5 ஹெர்ட்ஸ், 435.880ல கேக்கணும். இதுல ஒரு சிக்கல். பேசறப்பவே நம்ம குரல் மேலேருந்து திரும்பி வருதான்னு கேக்கணும், இல்லன்னா நாம சேட்டிலைட்டுக்குப் போறோமா இல்ல மத்தவன் மேல ஏறிப் பேசறோமான்னே தெரியாது. அதுக்குப் பேரு ஃபுல் டூப்ளக்ஸ். இப்ப வர்ற ரேடியோல பெரும்பாலும் அது இல்ல. ஐகாம் ஐசி-705 கையடக்கமா, எச்எஃப்லேருந்து (சிற்றலை) 430 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் எல்லாம் இருக்கு, இது மட்டும் இல்ல. ஐசி-9700ல இருக்கு, வெலைய கேட்டா என் பொண்டாட்டி என்னயே சேட்டிலைட்ல அனுப்பிருவா.

அதனால நானும் மவனும் ரெண்டு கை ரேடியோ வச்சு செஞ்சோம், ஒண்ணு பேச ஒண்ணு கேக்க, அளவு டேப்ப வெட்டி பிவிசி பைப்புல மாட்டி செஞ்ச யாகி ஆண்டெனா. பேசற பொத்தான அமுக்குன உடனே கேக்கற ரேடியோ ஊமையாயிருச்சு. ரெண்டு வாரம் மண்டைய ஒடச்சுக்கிட்டோம். 145.880ஐ மூணால பெருக்குங்க, 437.640, கேக்கற எடத்துக்குப் பக்கத்து வீடு. பேசற ரேடியோவோட மூணாவது ஹார்மோனிக் (மூணு மடங்கு அலைவரிசையில வர்ற வேண்டாத சிக்னல்) அங்க போயி கதவ அடைக்குது. ஒரு டிப்ளெக்சர் (ரெண்டு பேண்டையும் பிரிக்கற வடிகட்டி) போட்டு, ரெண்டு ஆண்டெனாவ குறுக்கும் நெடுக்குமா திருப்பி வச்சப்புறம்தான், மவன் குரல் வானத்துலேருந்து அவன் காதுலயே விழுந்துச்சு. திடல்ல குதிச்சான். மாடு மேச்சுக்கிட்டு இருந்த தாத்தா ஒருத்தரு எங்கள பாத்த பார்வ இருக்கே.

டிஜிட்டல் குரல் பத்தி எனக்கு ஆச இல்ல. ஐகாம் பக்கம் டி-ஸ்டார், யேசு பக்கம் சி4எஃப்எம், மத்தவங்க டிஎம்ஆர், ஒண்ணு பேசறது ஒண்ணுக்குப் புரியாது, எங்க வட்டத்துலயே சீன அங்கிள் ஒரு பக்கம் மலாய் அண்ணன் ஒரு பக்கம், கடைசில எல்லாரும் பழைய எஃப்எம்லதான் வந்து சேர்றோம்.

எஃப்டி8 வேற, அது குரல் இல்லாம கம்ப்யூட்டரே சின்னச் சின்ன எழுத்துச் செய்திய அனுப்பி வாங்குற மொறை. அது வேணும். 2017ல ஜோ டெய்லரும் ஸ்டீவ் பிராங்கும் குடுத்தது, டெய்லர் இயற்பியல்ல நோபல் வாங்குன ஆளு, காதுக்கே கேக்காத சிக்னல கம்ப்யூட்டர் படிக்கும், 15 வினாடிக்கு ஒரு மொறை, கம்ப்யூட்டர் கடிகாரம் ஒரு வினாடிக்குள்ள சரியா இருக்கணும், ரொம்பத் தப்பா இருந்தா ஒண்ணும் வராது. 15 வினாடில 12.64 வினாடி விடாம முழு பவர்ல ஓடும், பேசற மாதிரி விட்டு விட்டு இல்ல, அதனால நம்ம ஊர் சூட்டுல 100 வாட் ரேடியோவ 30, 35 வாட்டுக்கு மேல வைக்காதீங்க. இதுக்குத்தான் ஒரே கேபிள் வேணும்ங்கறது, சவுண்ட் கார்டும் உள்ளயே இருக்கணும். வாங்கறப்ப பாத்துக்குங்க, யூஎஸ்பி ஓட்டை இருக்குன்னா எல்லாம் இருக்குன்னு இல்ல, யேசு எஃப்டி-891ல யூஎஸ்பி இருக்கு, கண்ட்ரோலுக்கு மட்டும்தான், சத்தத்துக்கு வெளிய தனிப் பெட்டி வேணும். என் இடி அனுபவத்துக்கப்புறம் அது கொறையா நெறையான்னு எனக்கே சந்தேகம். வெளிப் பெட்டி இருந்திருந்தா அது செத்திருக்கும், ரேடியோ பொழச்சிருக்கும். உள்ள சவுண்ட் கார்டு வச்ச எந்தக் கம்பெனியாச்சும் அந்த யூஎஸ்பிய மின்சாரத் தொடர்பில்லாம தனிமைப்படுத்திக் குடுத்தான்னா நான் மொத ஆளா வரிசையில நிப்பேன். இப்போதைக்கு நூறு வெள்ளிக்குள்ள ஒரு யூஎஸ்பி ஐசோலேட்டர் (அந்தத் தொடர்ப நடுவுல பிரிக்கற சின்னப் பெட்டி) வாங்கி வச்சிருக்கேன், அடுத்த ரிக்குக்கு நடுவுல போட, அதுக்கும் மேல பேசி முடிஞ்ச உடனே ஆண்டெனா, கரண்டு, யூஎஸ்பி மூணையும் கழட்டி ஒரு வாளிக்குள்ள போட்டுடணும். ஐசோலேட்டர நம்பி இடிக்கு முன்னாடி உக்காராதீங்க, அது இரைச்சலுக்கும் சின்ன சர்ஜுக்கும்தான்.

இன்னொண்ணு, பல்லி. பவர் சப்ளை ஃபேன் வழியா உள்ள போயி கருகிக் கெடந்துச்சு ஒண்ணு. காத்துப் போற ஓட்டைக்கெல்லாம் வலை அடிச்சு விக்கற கம்பெனி ஏன் இல்லன்னு தெரியல, நான் கொசுவலைய வெட்டி ஒட்டியிருக்கேன், மாசம் ஒருக்கா தூசி தட்டணும்.

இப்ப நெலவரம். புது ரேடியோவுக்குக் காசு பத்தாது, வெளிநாட்டுலேருந்து நேரா வரவழைக்கறதுன்னா சிரிம் (மலேசியாவுல சாமான் தரம் பாக்கற நிறுவனம்) ஒப்புதல் விசயமெல்லாம் முன்னாடியே கேட்டு வச்சுக்கணும். தைப்பிங்ல ஒருத்தரு ஆறு வருசம் ஓட்டுன 7300 விக்கறாரு. அங்கிள் சொல்லிக் குடுத்த மாதிரி, சொந்த ஹெட்போன், டம்மி லோட் (ஆண்டெனாவுக்குப் பதிலா மாட்டிச் சோதிக்கறது), வாட் மீட்டர், பழைய லேப்டாப் எடுத்துக்கிட்டுப் போறேன். ஒவ்வொரு பேண்டுலயும் பவர் வருதான்னு பாக்கணும், ட்யூனர் டொக்கு டொக்குன்னு அடிச்சு நிக்குதான்னு கேக்கணும், யூஎஸ்பிய மாட்டி எஃப்டி8ல அரை மணி நேரம் ஓட்டி ஃபேன் எப்படிச் சுத்துதுன்னு பாக்கணும், திரையில செத்த கோடு இருக்கான்னு பாக்கணும், மூடிய கழட்டவுட்டா துரு, பல்லி எச்சம். அப்புறம் முக்கியமா, கடைசியா எப்ப இடி விழுந்துச்சு அண்ணேன்னு மொகத்தப் பாத்துக் கேக்கணும். ஞாயித்துக்கிழமை காலைல போறதா இருக்கு, வெலையில நானூறு வெள்ளி கொறைக்கச் சொல்லி மெசேஜ் போட்டேன், பாத்துட்டாரு, இன்னும் பதில் வரல.